வீசிங் உள்ள பிள்ளைக்கு விளையாட்டு வழியாக ஆஸ்துமாவைச் சொல்லித் தருவது எப்படி: வீட்டிலேயே செய்யக்கூடிய முழு வழிகாட்டி

என் மகனுக்கு ஐந்து வயது இருக்கும்போது காலண்டரில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தோம். வீசிங் இல்லாத நாளுக்கு ஒரு நட்சத்திரம். பத்து சேர்ந்தால் ஒரு பொம்மை கார். ஒன்பதாவது நட்சத்திரம் ஒட்டிய அன்று ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால், பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. "ஏன்டா தம்பி எழுப்பல?" என்று கேட்டதற்கு, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு, "ஸ்டார்... போயிரும்ப்பா" என்றான்.

அன்று ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, விடிந்தபின் வீட்டுக்கு வந்தோம். வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தக் காலண்டர் தாளைக் கிழித்தது. மூச்சு முட்டுவதைப் பிள்ளை தோல்வியாக நினைக்கும்படி ஒரு விளையாட்டை நானே கையில் கொடுத்திருந்தேன். அதற்குப் பிறகு இந்த நான்கு வருடத்தில் எங்கள் வீட்டில் எந்த விளையாட்டுக்கும் முதல் விதி ஒன்றுதான். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னால் பாயிண்ட் ஏறும், எக்காரணத்துக்கும் குறையாது. கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த விதியின் மேல் நிற்பவை. வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

விளையாட்டு வழியாக ஆஸ்துமாவைச் சொல்லித் தருவது புதிய யோசனை இல்லை. 1995இலேயே அமெரிக்காவில் சூப்பர் நின்டெண்டோவுக்கு 'பிராங்கி தி பிராங்கியாசரஸ்' என்று ஒரு வீடியோ கேம் வந்தது. அதில் வரும் டைனோசருக்கு ஆஸ்துமா. தூசி, புகை, சளிக்கிருமி இவற்றிலிருந்து அதைக் காப்பாற்றி, நேரத்துக்கு மருந்து கொடுத்து, மூச்சு குறையாமல் பார்த்துக்கொண்டே ஆட்டத்தை நகர்த்த வேண்டும். டைனோசரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு விளையாடும் பிள்ளையிடம் இருந்ததுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். நம் வீட்டில் அதற்கு டிவியோ மொபைலோ தேவையில்லை. சப்பாத்தி மாவும் ஒரு சார்ட் பேப்பரும் போதும்.

ஆரம்பிக்கும் முன்

முதலில் டாக்டரிடம் ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் எந்த மருந்து, லேசாக இழுத்தால் என்ன, அதிகமானால் நீல பம்ப் (அவசரத்துக்கு உறிஞ்சும் இன்ஹேலர்) எத்தனை பஃப், அதாவது எத்தனை முறை அழுத்த வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று உங்கள் பிள்ளைக்கென்று எழுதிய தாள். கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். இந்த விளையாட்டுகள் எல்லாம் அந்தத் தாளில் இருப்பதைப் பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் கொண்டுவருவதற்குத்தான். மருந்துக்குப் பதிலாக எந்த விளையாட்டும் கிடையாது.

அப்புறம், பிள்ளைக்கு இழுப்பு இருக்கும்போது விளையாட்டு வேண்டாம். நன்றாக இருக்கும் நாளில், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அக்கா, அண்ணன், தாத்தா, பாட்டி எல்லாரையும் உட்கார வையுங்கள். ஒரு பிள்ளையை மட்டும் தனியே உட்கார வைத்தால் அது பாடமாகிவிடும்.

முதல் படி: சப்பாத்தி மாவில் மூச்சுக்குழாய்

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் பம்ப் அடிக்கச் சொன்னால் பிள்ளைக்கு அது தண்டனை மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசையும் நேரத்தில் இதைச் செய்தோம்.

மாவை விரலைச் சுற்றி உருட்டி மூன்று குழாய் செய்யுங்கள். முதல் குழாய் மெல்லிய சுவரோடு, உள்ளே அகலமாக இருக்கட்டும். அதன் வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். இரண்டாவதில் சுவரைத் தடிமனாக வையுங்கள். வெளியே அதே அளவுதான், ஆனால் உள்ளே வழி பாதியாகிவிடும். இதுதான் வீக்கம். மூன்றாவதையும் தடிமனாகச் செய்து, வெளியே ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி லேசாக இறுக்குங்கள். உள்ளே ஒரு சொட்டு கெட்டியான கஞ்சி விடுங்கள். ரப்பர் பேண்ட் என்பது குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுவது. கஞ்சி என்பது சளி. இப்போது அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். என் மகன் பார்த்துவிட்டு, "இதுல எறும்புகூடப் போக முடியாது" என்றான்.

அடுத்துத்தான் முக்கியமான கேள்வி. "நீல பம்ப் எதைச் சரி செய்யும்?" அவனே ரப்பர் பேண்டைக் கழற்ற வேண்டும். நீல பம்பில் இருக்கும் சால்பியூட்டமால் என்ற மருந்து செய்வது அவ்வளவுதான். சில நிமிடத்தில் தசையைத் தளர்த்திவிடும். ஆனால் சுவர் இன்னும் தடிமனாகத்தான் இருக்கிறது. "இதை யார் மெலிய வைப்பார்கள்?" தினமும் போடும் இன்னொரு பம்ப், அதாவது தடுக்கும் பம்ப். அது அவசரப்படாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வீக்கத்தைக் குறைக்கும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக் காட்டுங்கள். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, ஏன் தினமும் போடணும்?" என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் அன்றோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டான். தடுக்கும் பம்பின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் வீட்டில் இருக்கும் நிறத்தைச் சொல்லியே விளையாடுங்கள். பெரிய பிள்ளைகள் சிலருக்கு இரண்டு மருந்தும் ஒரே பம்பில் இருக்கும். 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நீல பம்ப் மட்டும் தனியாகப் போதாது என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019 முதல் சொல்லிவருகிறது. எது எந்த வேலை செய்கிறது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மாவைத் தொடுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. மெல்லிய ஸ்ட்ரா ஒன்றை வாயில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அரை நிமிடம் அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொல்லுங்கள். அக்கா செய்யட்டும், அப்பா செய்யட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையைச் செய்ய விடாதீர்கள். அவனுக்கு அது தெரியும். அவன் வேலை, கடிகாரம் பார்ப்பது.

இரண்டாம் படி: என்ன விளக்கு?

பச்சை, மஞ்சள், சிவப்பு. சிக்னல் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பச்சை என்றால் ஓடலாம், சிரிக்கலாம், ராத்திரி இருமல் இல்லாமல் தூங்கலாம். மஞ்சள் என்றால் ஏதோ ஆரம்பிக்கிறது. சிவப்பு என்றால் பெரியவர்கள் உடனே ஓடி வர வேண்டும்.

இதில் நாம் தடுமாறுவது மஞ்சளில். நாம் வீசிங் சத்தம் வரும் வரை காத்திருக்கிறோம். பிள்ளைக்கு அதற்கு முன்பே தெரிகிறது. சொல்ல வார்த்தைதான் இல்லை. சில பிள்ளைகள் தொண்டை அரிக்கிறது என்பார்கள். சிலர் வயிறு வலிக்கிறது என்று நெஞ்சுக்குக் கீழே கை வைப்பார்கள். சிலர் விளையாட்டின் நடுவே சும்மா போய் உட்கார்ந்துவிடுவார்கள். என் மகன் ஒருநாள், "உள்ள பூனைக்குட்டி கத்துது" என்றான். அந்த வார்த்தையை அப்படியே எழுதி மஞ்சள் அட்டையில் ஒட்டினோம். இப்போது அவன் "பூனை" என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் எல்லாரும் எழுந்துவிடுவோம். உங்கள் பிள்ளையின் வார்த்தையைக் கண்டுபிடியுங்கள். புத்தக வார்த்தை வேண்டாம்.

விளையாட்டு எளிது. காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, "என்ன விளக்கு?" என்று கேட்க வேண்டும். நீங்களும் சொல்ல வேண்டும். "எனக்கு மஞ்சள், தலை வலிக்குது." அக்கா, "பச்சை." பாட்டி, "முட்டி மஞ்சள்." எல்லாரும் சொல்லும்போது அவனும் சொல்வான். மஞ்சள் என்று சொன்னவருக்கு ஒரு புளியங்கொட்டை கூடுதல். சும்மா மஞ்சள் சொல்லிக் கொட்டை சேர்ப்பானே என்று பயப்பட வேண்டாம். முதல் வாரம் சேர்ப்பான், பிறகு அலுத்துவிடும். ஆனால் பச்சைக்குப் பரிசு வைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

மூன்றாம் படி: தப்பைக் கண்டுபிடி

எல்லா விளையாட்டிலும் அதிகப் பலன் கொடுத்தது இதுதான். பம்ப் வாங்கி வைத்திருந்தாலும், போடும் முறை தப்பானால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். பிள்ளையிடம் "இப்படிப் பண்ணு, அப்படிப் பண்ணு" என்பதற்குப் பதிலாக, நீங்கள் தப்பாகச் செய்து காட்டுங்கள். அவன் பிடிக்கட்டும்.

சரியான முறையை முதலில் பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூடியைக் கழற்றி, பம்பை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் குழாய்) செருக வேண்டும். நேராக உட்கார்ந்து அல்லது நின்று, மூச்சை வெளியே விட்டு, ஸ்பேசரின் வாய்ப்பகுதியைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டால் மூட வேண்டும். சின்னக் குழந்தைக்கு மாஸ்க். மூக்கும் வாயும் மூடி, இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். ஒரே ஒரு முறை அழுத்தி, ஸ்பேசரை எடுக்காமல் ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுத்து விட வேண்டும். வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைவதை எண்ணலாம். இன்னொரு பஃப் வேண்டுமானால் அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து. தடுக்கும் பம்ப் போட்ட பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

இப்போது நடிப்பு. மருந்து தீர்ந்துபோன பழைய பம்பை வைத்துக்கொண்டு, பொம்மைக்கு அப்பத்தா மருந்து கொடுப்பதாக எங்கள் வீட்டில் ஆட்டம். என் அம்மா ஸ்பேசரைக் கரடி வாயில் வைத்து டக் டக்கென்று இரண்டு முறை அழுத்தி உடனே எடுத்துவிட்டார்.

"அப்பத்தா! தப்பு! தப்பு!"

"என்னடா ராசா தப்பு?"

"குலுக்கவே இல்ல. ரெண்டு தடவ சேத்து அடிச்சிட்ட. கரடி மூச்சே விடல, அதுக்குள்ள எடுத்துட்ட."

மூன்று தப்பு, மூன்று கொட்டை. அடுத்த நாள் காலை அவன் தன் மருந்தைப் போடும்போது யாரும் சொல்லாமலே குலுக்கினான். மருந்துள்ள பம்பை மட்டும் விளையாட எடுக்காதீர்கள். ஒரு பம்பில் பெரும்பாலும் 200 பஃப்தான். காற்றில் அடித்துத் தீர்த்துவிட்டால் தேவைப்படும் ராத்திரியில் இருக்காது. எண்ணிக்கை காட்டும் பம்பாக இருந்தால் அந்த எண்ணை வாரம் ஒருமுறை படித்துச் சொல்வதும் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

பெரியவர்களுக்காக ஒரு சிறு ஆட்டம் இங்கே சேர்க்கிறேன், ஏனென்றால் பம்பைப் பிடுங்கி வைப்பது பெரும்பாலும் பெரியவர்களின் பயம்தான். "ஏப்பா, இதப் போட்டுப் பழகிட்டா விடவே முடியாதாமே, சிரப்பே குடுக்கலாம்ல?" என்று அம்மா கேட்டபோது பல்லாங்குழியை எடுத்தேன். ஒரு குழியில் ஒரு கொட்டை. இன்னொரு குழியில் இருபது. நீல பம்பில் ஒரு பஃப் என்பது 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். அதே மருந்து சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். ஒரு ஸ்பூனில் இருபது பஃப். பம்ப் நேராக நுரையீரலுக்குப் போவதால் இவ்வளவு கொஞ்சம் போதும். சிரப் வயிறு, ரத்தம் என்று உடம்பெல்லாம் சுற்றி வருகிறது, அதனால்தான் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. அம்மா அந்த இருபதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அதற்கப்புறம் பம்ப் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுபவர் அவர்தான்.

நான்காம் படி: மூச்சுப் பரமபதம்

வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவோமே, அதே ஆட்டம். சார்ட் பேப்பரில் 50 கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நூறு என்றால் சின்னப் பிள்ளைகள் பாதியில் எழுந்துவிடுவார்கள். பாம்பும் ஏணியும் பிள்ளையே வரையட்டும்.

'வீசிங் வந்தது' என்று எந்தப் பாம்பும் இருக்கக் கூடாது. நோய் வருவது அவன் தப்பில்லை. பாம்பு எல்லாம் செயல்களாக இருக்க வேண்டும்: ஸ்பேசரைப் பாட்டி வீட்டில் மறந்துவிட்டு வந்தேன், வாய் கொப்பளிக்கவில்லை, கொசுவர்த்திப் பக்கத்தில் படுத்தேன். இருப்பதிலேயே பெரிய பாம்பு எங்கள் பலகையில் 47இல் தலை வைத்து 3இல் வால் விட்டிருக்கிறது. அதன் மேல் 'யாரிடமும் சொல்லாமல் விளையாடிக்கொண்டே இருந்தேன்' என்று எழுதியிருக்கிறோம். பெரிய ஏணி 4இலிருந்து 40க்கு: 'மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன்.'

ஏணியில் ஏற வேண்டுமானால் சும்மா ஏற முடியாது, நடித்துக் காட்ட வேண்டும். மிஸ்ஸாக அக்கா உட்காருவாள். "மிஸ், எனக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு, என் பம்ப் வேணும்" என்று அவளிடம் முழுதாகச் சொல்ல வேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு இந்த ஒரு வாக்கியம் வாயில் பழகிவிட்டால் போதும். பாம்பின் தலையில் நிற்கும்போதும் ஒரு வாய்ப்பு கொடுங்கள். என்ன செய்திருக்கலாம் என்று சரியாகச் சொன்னால் இறங்க வேண்டியதில்லை. தாயக்கட்டை உருட்டினாலும் சரி, சாதாரணப் பகடை என்றாலும் சரி.

ஐந்தாம் படி: வீட்டில் துப்பறிதல்

ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு டார்ச். எதனால் இழுப்பு வருகிறது என்று பிள்ளையே தேடட்டும். கட்டிலுக்கு அடியில், ஃபேன் இறக்கையில், பழைய இலவம்பஞ்சுத் தலையணையில், கரப்பான் ஒளியும் அட்டைப்பெட்டியில், மழைக்காலத்தில் பூஞ்சை பூத்த சுவரில். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, மிளகாய் வறுக்கும் நெடி, யாராவது பிடிக்கும் பீடி, சிகரெட் எல்லாம் நோட்டில் ஏறட்டும்.

ஆனால் பட்டியலில் ஏறியதெல்லாம் குற்றவாளி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தூண்டுவது வேறு. பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்புவதில் முன்னால் நிற்பது சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். அதனால் நோட்டில் நாள், என்ன விளக்கு, அன்று என்ன நடந்தது என்று மூன்று கோடு போட்டு ஒரு மாதம் எழுத வேண்டும். திரும்பத் திரும்ப மஞ்சளுக்கு முன்னால் வருவதற்கு மட்டும்தான் சிவப்பு ஸ்டிக்கர். வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு என்று ஊரில் சொல்வதையெல்லாம் நிறுத்திப் பிள்ளையை ஒல்லியாக்கும் முன் இந்த நோட்டைப் பாருங்கள். எங்கள் நோட்டில் தயிர் ஒருமுறைகூட மாட்டவில்லை. மாட்டியது கொசுவர்த்தி, நான்கு முறை. அன்றோடு கொசுவலை கட்டினோம். தூசி தட்டும்போதும் பெருக்கும்போதும் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுங்கள். முடிந்தவரை ஈரத்துணியால் துடைப்பது நல்லது. துப்பறிவாளர் கண்டுபிடிப்பார், சுத்தம் செய்வது நம் வேலை.

ஊதும் விளையாட்டுகளும் பீக் ஃப்ளோ மீட்டரும்

பப்பாளி இலைத் தண்டை நறுக்கி சோப்புத் தண்ணீரில் முக்கிக் குமிழி விடுவது, பனையோலைக் காற்றாடியை ஊதிச் சுற்றுவது எல்லாம் நிதானமாக மூச்சு விடப் பழக்கும். பெரிய குமிழி வேண்டுமானால் மெதுவாகத்தான் ஊத வேண்டும். இது ஆஸ்துமாவைக் குணப்படுத்தாது. பதற்றமான நேரத்தில் மூச்சை ஒழுங்குபடுத்தப் பழக்கம் இருந்தால் உதவும், அவ்வளவுதான். பலூன் வேண்டாம் என்பது என் கருத்து. அடம்பிடித்து ஊதி மூச்சு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாறு வயதுக்கு மேல் டாக்டர் சொன்னால் பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் கருவி) வாங்கலாம். நின்றுகொண்டு, முழு மூச்சு இழுத்து, ஒரே ஊதாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி அதிகமான எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் நாட்களில் கிடைத்த உச்ச எண்ணில் 80 சதவீதமும் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50க்குக் கீழே சிவப்பு. உச்சம் 200 என்றால் 160உம் அதற்கு மேலும் பச்சை, 100க்குக் கீழே சிவப்பு. அட்டவணையில் கலர் பென்சிலால் கட்டத்தை நிரப்புவது பிள்ளைக்குப் பிடிக்கும். ஊதும் முன், "என்ன வரும், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். யூகம் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் கொட்டை. எண் பெரியதாக வந்ததற்குக் கொட்டை கிடையாது. தன் நெஞ்சைத் தானே கணிக்கப் பழகுவான். அக்காவோடு போட்டி போட விடாதீர்கள். உயரத்துக்குத் தகுந்தபடி எண் மாறும்.

ஓடவும் விட வேண்டும்

வீசிங் பிள்ளை என்று மூலையில் உட்கார வைப்பது பெரிய கொடுமை. நோய் கட்டுக்குள் இருந்தால் கபடியும் ஆடலாம், நீச்சலும் அடிக்கலாம். பிரிட்டன் மாரத்தான் ஓட்டக்காரர் பவுலா ராட்க்ளிஃபுக்குப் பதினான்கு வயதில் ஆஸ்துமா என்று தெரியவந்தது. 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடிப் பெண்களுக்கான உலக சாதனை வைத்தார். ஓடும்போது இழுப்பு வருகிற பிள்ளையாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே பம்ப் போடச் சொல்லலாம், அல்லது தினசரி மருந்தை மாற்றலாம். ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் மெதுவான ஓட்டம். எந்தத் தெரு ஆட்டத்திலும் 'டைம் ப்ளீஸ்' சொல்லி வெளியே வர உரிமை உண்டு என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் பேசி வையுங்கள். திரும்பி வந்தால் அதே இடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிவப்பு விளக்கு ஒத்திகை

மாதம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், யாராவது "சிவப்பு!" என்று கத்த வேண்டும். ஒருவர் கரடியை நேராக உட்கார வைக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. ஒருவர் பம்பும் ஸ்பேசரும் எடுக்க வேண்டும். ஒருவர் டாக்டர் தாளைப் படிக்க வேண்டும். ஒருவர் 108க்கு அழைப்பதுபோல நடித்து வீட்டு முகவரியைச் சரியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதல் ஒத்திகையில் பம்ப் கைக்கு வர நான்கு நிமிடம் ஆனது, பீரோவுக்குள் இருந்தது. இப்போது சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பையில் தொங்குகிறது.

ஆஸ்திரேலியாவில் முதலுதவியாக நான்கு நான்காகச் சொல்லித் தருகிறார்கள்: நான்கு பஃப், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு, நான்கு நிமிடம் பொறுத்து, சரியாகவில்லை என்றால் மறுபடி நான்கு, அப்படியும் இல்லையென்றால் ஆம்புலன்ஸ். விரல் விட்டு எண்ண வசதியானது. உங்கள் டாக்டர் தாளில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் உங்களுக்கு.

ஒத்திகையில் பெரியவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியவை: ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, பிள்ளை சோர்ந்து மயங்குகிறது. இழுத்துக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்று, பிள்ளை இன்னும் திணறினால் அது குணமானதாக அர்த்தமில்லை, காற்றே போகவில்லை. இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. பம்ப் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பள்ளிக்கும் ஒரு பம்பும் ஸ்பேசரும் தனியாகக் கொடுங்கள். எங்கே வைக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். என் மகனுடையதை ஒரு வருடம் பூட்டிய அலமாரியில் வைத்திருந்தார்கள், சாவி வீட்டுக்குப் போய்விடும் ஒருவரிடம். பரமபதப் பலகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் வகுப்பில் ஒருமுறை ஆட வைத்த பிறகுதான் அது வகுப்பு மேசைக்கு வந்தது. நாற்பது பிள்ளைகளுக்கும் இடம் தெரிந்துவிட்டது.

வயதுக்கு ஏற்ப

மூன்று முதல் ஐந்து வயது வரை கரடியும் விளக்கும் போதும். ஆறிலிருந்து பரமபதமும் துப்பறிதலும். பத்தைத் தாண்டினால் கரடியைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த வயதில் தங்கைக்கோ பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைக்கோ சொல்லிக்கொடுக்கும் வேலையைக் கொடுங்கள். ஸ்பேசர் கழுவுவதும் அவர்களே செய்யலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் தானாகக் காய விட வேண்டும். துடைத்தால் உள்சுவரில் மருந்து ஒட்டிக்கொள்ளும்.

பலகையை வருடத்துக்கு ஒருமுறையாவது புதிதாகப் போடுங்கள். பழைய பாம்புகள் மனப்பாடம் ஆகிவிடும். போன தை மாதம் என் மகன் புதுப் பலகை வரைந்தான். போகிப் புகைக்கு ஒரு பாம்பு போட்டான். அதன் தலைக்கு ஒரு கட்டம் முன்னால் சின்னதாக ஒரு ஏணி: 'முந்தின நாளே அத்தை வீட்டுக்குப் போயிட்டோம்.' பெரிய பாம்பை மட்டும் மாற்றவில்லை. 47இலேயே இருக்கிறது.